தமிழ்ப் பக்கத்தில் வராத செய்தி

நான் பத்து வருசமாக வேலை பார்க்கிற பத்திரிகையை எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததே கிடையாது. பார்த்தவர்களிலும் பாதிப் பேர் அதில் வடை சுற்றி வாங்கித் தின்றிருப்பார்கள். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே ஏறுகிற படிக்கட்டுப் பாதையில், ஒரு சலூனுக்கு மாடியில், ஒரே ஒரு அறை. மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அங்கே மழை பெய்யாத நாள் குறைவு என்பதால் ஆசிரியரும் நானும் அதிகம் பேசிக்கொள்ளாமலே வேலை பார்த்துப் பழகிவிட்டோம்.

மாதத்துக்கு ஒரு தடவை ஆறு பக்கம். நாலு பக்கம் சிங்களம், இரண்டு பக்கம் தமிழ். படையில் இருக்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்காரர்களுக்கும் என்றே நடத்திய பத்திரிகை. ஆனால் படையோ அரசாங்கமோ நடத்தவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை கிளினிக், லீவு விதி எப்படி மாறியது, எந்த முகாமில் பூசணம் பிடித்த அரிசி போடுகிறார்கள், புருசன் காணாமல் போனவள் எந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும், இப்படி எல்லாம் அதில் வரும். மேலிடத்துக்குப் பிடிக்காததும் வரும்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படைக்குப் போவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. போவார்கள். கொஞ்சப் பேர். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவி அலுத்தவர்கள், சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுகிறவர்கள். லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், கேட்டால் தாய் தகப்பன் "கம்பெனில செக்யூரிட்டி" என்று சொல்லி வைத்திருப்பார்கள். யுத்தம் முடிந்து இத்தனை வருசமாகியும் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு லயத்துக்குள் நடந்து வருகிற தைரியம் ஒருத்தனுக்கும் வரவில்லை. பையில் மடித்து வைத்து, சேர்ட்டும் சாரமுமாகத்தான் வருவான். பிறகு சிங்களச் சிப்பாய்களைக் கட்டிக்கொண்ட நம் பெண்களும் இருந்தார்கள். இவர்களுக்காகத்தான் என்னுடைய இரண்டு பக்கம்.

ஆசிரியர் சிங்களவர், நோட்டன் பிரிட்ஜ்காரர். இருபது வருசத்துக்கு மேல் படையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை "ஐயே" என்பேன், சிங்களத்தில் அண்ணன். அவர் என்னை "மல்லி" என்பார். எனக்கு அப்போதே ஐம்பது வயது, இருந்தாலும் அவருக்கு நான் தம்பிதான். துப்பாக்கியை விட தட்டச்சு யந்திரம்தான் அதிகம் பிடித்திருக்கிறேன் என்று சொல்லுவார். அந்த யந்திரத்தில் அவர் அடித்ததில் பெரும்பகுதி செத்தவர்கள் வீட்டுக்குப் போகிற கடிதம். பெயரும் இலக்கமும் தேதியும் மட்டும் மாறும், மிச்சம் ஒரே ஐந்து வரி. எப்படிச் செத்தான் என்பது அந்த ஐந்து வரியில் ஒருபோதும் இருக்காது. ஓய்வு பெற்ற பிறகு, அந்த ஐந்து வரிக்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்தப் பத்திரிகையைத் தொடங்கினேன் என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். பெரிய பேச்சுக்காரர் இல்லை அவர்.

அவருக்கு இரண்டு விதிதான். கண்ணால் பார்த்த இரண்டு பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியாகச் சொன்னால்தான் செய்தி. அச்சுக்குப் போவதற்கு முன்னால் வெளியாள் எவனும் பக்கத்தைப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டாவது விதியை உடைத்தவன் நான்.

அந்தப் பெண் முதல் தடவை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம்தான். அதைச் சொன்னதும், அதுவரை வாசலிலேயே நின்றவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நான் அவளுக்கு அண்ணன். படையில் இருந்த மகன் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். சிங்களத்தில் ஐந்து வரி.

"திடீர் சுகவீனத்தால காலமானார்ன்னு எழுதியிருக்குங்க" என்றேன்.

"கயிறுன்னு போட்டிருக்காண்ணே?"

"இல்லையே."

"நல்லா பாருங்க. எங்கயாச்சும் கயிறுன்னு போட்டிருக்கா?"

நான் ஐந்து வரியையும் திரும்ப வாசித்தேன். இல்லை என்றேன். அவள் கடிதத்தை வாங்கி மடித்துத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள்.

படையிலிருந்து சவப்பெட்டியை மூடியபடி கொண்டுவந்து, திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மூடிய பெட்டியைப் பற்றி லயத்தில் ஆளுக்கொரு கதை. கடைசியில் எல்லாக் கதையும் ஒரே இடத்தில் போய் நின்றது: பயல் முகாமில் தூக்குப் போட்டுக்கொண்டான். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவனுக்குத் தப்பு மேளம் அடிக்க மாட்டார்கள். மற்றச் சாவுக்கெல்லாம் லயத்திலிருந்து குழி வரைக்கும் மலை அதிர அடிப்பார்கள். இவனைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்கள். கருமாதிக்கும் நாலு பேர்தான்.

"எம்புள்ள தூக்குல தொங்கலண்ணே. காய்ச்சலா இருக்குன்னு முந்தின நாளு போன்ல சொன்னான். நாளைக்குத் தொங்கப் போறவன் காய்ச்சலுக்கு என்னம்மா மாத்திரை போடலாம்ன்னு கேப்பானா? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவன் தொங்கலன்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியணும். அவ்வளவுதான்."

ஆசிரியர் தனக்குத் தெரிந்தவர்களுக்கு எழுதிப் போட்டார். இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது. அதே முகாமில் இருந்த ஒருவன் எழுதியது. இரண்டாவது ஆள் லீவில் தலவாக்கலையில் நிற்கிறான் என்று தெரிந்து நான் போய்ப் பார்த்தேன். ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றபடியே சொன்னான். மூன்று நாள் காய்ச்சலோடு இருந்தவன் காலை அணிவகுப்புக்குப் பிந்தி வந்தானாம். தண்டனையாக முதுகில் மூட்டையோடு மைதானத்தைச் சுற்றி ஓட வைத்திருக்கிறார்கள். எத்தனையாவது சுற்று என்று யாரும் எண்ணவில்லை. விழுந்தான். நடிக்கிறான் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டார்கள். தூக்கிக்கொண்டு போனவர்களில் இவனும் ஒருவன். "உடம்பு அடுப்புக் கல் மாதிரி இருந்தது" என்று சொல்லிவிட்டு, ரயில் வருவதற்கு இன்னும் நேரமிருந்தும் போய்விட்டான்.

இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனது. ஆசிரியர் சிங்களத்தில் எழுதினார், நான் தமிழில் எழுதினேன். உள்ளதைச் சொல்வதென்றால், நான் என் வாழ்க்கையில் எழுதியதிலேயே அதுதான் நல்ல எழுத்து. ஒரு சொல் கூட அலங்காரம் கிடையாது. பதினேழு வரி. அந்தப் பெண் வந்தபோது "வர்ற மாசம் வருதும்மா" என்று சொன்னேன். எத்தனையாவது பக்கம் என்று கேட்டாள். எழுத்துத் தெரியாதவள் பக்கம் எதற்குக் கேட்கிறாள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே ஐந்தாம் பக்கம் என்றேன். விரல் விட்டு ஐந்து எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த மாதம்தான் எங்கள் மூச்சு நின்றுகொண்டிருந்தது. காகிதம் இல்லாமல் போன காலம் அது. பெரிய பத்திரிகைகளே பக்கத்தைக் குறைத்துக்கொண்டிருந்தன. அச்சகக்காரர் எங்களைக் கண்டால் உள்ளறைக்குள் போய்விடுவார். அந்த நேரம் பார்த்து ஒருவர் படியேறி வந்தார். வெள்ளைச் சேர்ட், நல்ல சிரிப்பு. ஓய்வு பெற்ற அதிகாரிகள் சிலர் சேர்ந்து நடத்துகிற ஒரு நலன்புரிச் சங்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார். எங்கள் பத்திரிகையை அவர் உண்மையிலேயே வாசித்திருந்தார். இது நின்றுபோகக் கூடாது, காப்பாற்ற வேண்டும் என்றார். காகிதம், அச்சு, தபால் எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருக்கலாம். ஒரே ஒரு ஏற்பாடு, பக்கங்களை அச்சுக்கு முன்னால் சங்கத்தில் ஒருவர் பார்ப்பார். பிழை திருத்தத்தான் என்றார்.

கீழே இறங்கப் போனவர், சும்மா ஞாபகம் வந்தது போல, செத்த பையன் விசயம் ஏதோ வருகிறதாமே, படைக்குள்ளே விசாரணை நடக்கிறது, அது முடியும் வரை அதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார். யார் போய்ச் சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது. அச்சகத்திலிருந்து போயிருக்கலாம்.

ஆசிரியர், வந்தவர் தேநீர் குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "முடியாது" என்றார். நான்தான் வாதாடினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது, சத்தம் போட்டுத்தான் வாதாட வேண்டியிருந்தது. பேப்பர் நின்றால் கிளினிக் நாள் யார் போடுவது, படிவம் எப்படி நிரப்புவது என்று யார் சொல்லுவது, இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் இன்னும் நூறு எழுதலாமே என்றேன். எல்லாம் நியாயமான பேச்சுத்தான். இப்போது திரும்பச் சொல்லிப் பார்த்தாலும் நியாயமாகத்தான் கேட்கிறது. அடியில் பயம் இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. என்னைப் போல ஒரு தமிழன், படையைப் பற்றி, தமிழில். யாராவது வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வேன் என்று அந்த ஆள் படியிறங்கின நிமிசத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் தமிழ்ப் பக்கங்களை என் முன்னால் தள்ளி வைத்தார். பிறகு, "சிங்களப் பக்கத்தில் போட்டால் அந்தத் தாய்க்குப் பிரயோசனமில்லை. தமிழ்ப் பக்கம் உன்னுடையது. நீயே முடிவு செய், மல்லி. நீ எடுத்தால் நானும் எடுக்கிறேன்" என்றார். பந்தை என் மடியில் போட்டுவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அவர் மேல் கோபம் கூட வந்தது. பெரிய மனுசன், வேண்டாம் என்று ஒரு அதட்டுப் போட்டிருந்தால் நான் அடங்கியிருப்பேனே என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அந்தப் பதினேழு வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வலைக்கு மேலே ஆடுகிற கரப்பந்துப் போட்டி ஒன்றின் முடிவுகளைப் போட்டேன். சரியாகப் பொருந்தியது.

பத்திரிகை தப்பியது. அந்த வாரமே நல்ல வெள்ளைக் காகிதம் வந்தது. ஆசிரியர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதுகு வலி என்று சொல்லி நோட்டன் பிரிட்ஜோடு நின்றுவிட்டார்.

கரப்பந்துப் பத்திரிகை வெளியான வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். குளித்து, நல்ல சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தாள். கையில் தபாலில் போன பத்திரிகை, உறை கூடப் பிரிக்கவில்லை.

"எங்க தோட்டத்துக் கணக்கப்பிள்ளை குடு வாசிக்கிறேன்னாரு. நான் குடுக்கலண்ணே. மொதல்ல நீங்க வாசிச்சுத்தான் நான் கேக்கணும்ன்னு வச்சிருந்தேன்."

நான் உறையைப் பிரித்தேன். ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "தங்கச்சி, போடல, நான்தான் எடுத்தேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தேன், வந்தது வேறு. கரப்பந்து முடிவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அந்தப் பதினேழு வரியையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். எனக்கு மனப்பாடமாக இருந்தது. காய்ச்சல், அணிவகுப்பு, மைதானம், மூட்டை, விழுந்தது, தூக்கிப் போனது. இடையில் தாளைப் பார்த்து வாசிக்கிற ஆள் மாதிரி ஓரிடத்தில் கண்ணைச் சுருக்கி நிறுத்தினேன். அந்த நடிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவள் அழவில்லை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "இது எங்க ஆரம்பிக்குது?" என்றாள். காட்டினேன். அவள் விரலைப் பிடித்து, "மாத்தளை அணி வெற்றி" என்று இருந்த தலைப்பின் மேல் வைத்தேன். அவள் ரவிக்கையில் இருந்த ஊக்கைக் கழற்றி அந்த இடத்தில் குத்தி அடையாளம் வைத்துக்கொண்டாள். போகும்போது என் காலைத் தொடக் குனிந்தாள். நான் பின்னால் நகர்ந்து மேசையில் இடித்துக்கொண்டேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்து லயங்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து காலையில் பெரட்டுக்கு, அதுதான் வேலைக்கு ஆள் பிரிக்க எல்லாரும் கூடுகிற இடத்துக்கு வரும். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கேயே பிரித்து வாசித்தும் காட்டுவார். என் அப்பாவின் கடிதங்கள் எல்லாம் அப்படி நூறு காதுகளுக்குக் கேட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தன. தோட்டத்தில் ஒரு காகிதம் ஒரு ஆளுக்கு மட்டும் வாசிக்கப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது. டவுனில் முப்பது வருசம் குடியிருந்து அதை மறந்துபோனேன். அவள் ஒரு தடவை கேட்டால் போதும், நெஞ்சு ஆறிவிடும் என்று நினைத்த மடையன் நான். அவள் கேட்பதற்காகவா என்னிடம் வந்தாள்?

திங்கட்கிழமை காலை பெரட்டில் அவள் கூட்டத்தின் முன்னால் போய் நின்றாளாம். எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க, எம்புள்ள எப்பிடி செத்தான்னு பேப்பர்ல வந்திருக்கு என்றாளாம். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடையை மாட்டி, மலைக்குப் புறப்படத் தயாராக நின்றவர்கள் எல்லாம் நின்றார்கள். கணக்கப்பிள்ளை ஊக்குக் குத்திய இடத்தைப் பிரித்து உரத்து வாசித்திருக்கிறார். முதல் சுற்றில் இருபத்தைந்துக்குப் பதினெட்டு. இரண்டாவது சுற்றில் இருபத்தைந்துக்கு இருபத்தொன்று. யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாளாம். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? யாருக்கும் சிரிப்பு வரும்.

இதையெல்லாம் அவளே வந்து என்னிடம் சொன்னாள். அன்றைக்கு ஞாயிறு இல்லை. ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க வாசிச்சது பொய்யா சேர்?"

அண்ணன் போய் சேர் ஆகிவிட்டது. அதுதான் முதலில் உறைத்தது.

"பொய் இல்ல. சத்தியமா பொய் இல்ல. ரெண்டு பேரு கண்ணால பாத்துச் சொன்னது."

"அப்ப ஏன் அதுல இல்ல?"

சொன்னேன். சங்கம், விசாரணை, காகிதம், பேப்பர் நின்றுபோகும் என்ற பயம். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். எனக்கு அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு அதெல்லாம் வெளங்காதுங்க. எங்க சனம் என்னைப் பைத்தியக்காரின்னு நெனைச்சிருச்சு. நீங்க ஒரு நாளு வந்து பெரட்டுல வாசிங்க. எங்கிட்ட வாசிச்சீங்களே, அதே மாதிரி அவங்க முன்னால வாசிங்க. போதும்."

வருகிறேன் என்றேன். இந்த ஒரு வார்த்தையையாவது காப்பாற்றுவது என்று இருந்தேன்.

வெறுங்கையோடு போக முடியாது. அச்சுக்கு முன்னால் எடுத்த பக்கப் படி ஒன்று, அந்தப் பதினேழு வரியோடு, ஆசிரியரிடம் இருந்தது. நோட்டன் பிரிட்ஜுக்கு பஸ் ஏறினேன். வீட்டில் முன்னறை முழுக்கப் பழைய பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி, ஈரம் ஏறாமல் பொலித்தீன் சுற்றி வைத்திருந்தார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் எழும்பிப் போய், தேடாமலே, அந்தத் தாளை எடுத்து வந்தார். எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "உரக்க வாசி மல்லி. அங்கே காற்று அதிகம்" என்றார். தேநீர் குடிக்கச் சொல்லவில்லை. எட்டு வருசத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் நோர்வூட்டில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் பெரட்டுக்குப் போனேன். மழை இல்லை, மூட்டம் மட்டும். நூறு பேர் இருக்கும், பெண்கள்தான் அதிகம். கணக்கப்பிள்ளை மரியாதையாக இடம் விட்டார். என் தகப்பனாரைத் தனக்குத் தெரியும் என்றார். அவள் முன் வரிசையில், கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். நான் வாசித்தேன். ஆசிரியர் சொன்ன மாதிரி உரக்கத்தான் வாசித்தேன்.  விழுந்தவனை நடிக்கிறான் என்று விட்டுவிட்ட இடம் வந்தபோது ஒரு பெண் "ஐயோ சாமி" என்றாள். முடித்ததும் இரண்டு மூன்று பேர் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நம்பிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது. 

பிறகு தப்பு அடிக்கிறவர்களில் மூத்தவர் முன்னால் வந்தார். அன்றைக்கு அடிக்க வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தானாம். கெட்ட மனுசராகத் தெரியவில்லை. தாளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது பேப்பர்ல வந்திச்சுங்களா?"

"வரல."

"ஏனுங்க வரல?"

நான் தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. படிச்சவங்க நீங்க. இது நெசம்ன்னு நீங்க நம்பியிருந்தா போட்டிருப்பீங்கல்ல?"

நூறு முகமும் என்னைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். அவள் பார்வையில் சந்தேகம் இல்லை. பதில் என்னிடம் இருக்கிறது, இப்போது சொல்லிவிடுவேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். பதில் இருக்கத்தான் செய்தது. நான் பயந்துபோய் எடுத்தேன், செய்தி நிசம், நான்தான் கோழை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதைச் சொல்லியிருந்தால் அவன் பெயர் சுத்தமாகியிருக்கும், என் பெயர் கெட்டிருக்கும்.

கூட்டத்தின் ஓரத்தில் தெரியாத ஒருவன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றான். யாரோ தோட்டத்துப் பயலாகத்தான் இருக்கும். நான் அவனைப் பார்த்தேன்.

"விசாரணை நடக்குதுங்க. முடிஞ்சதும் போடுவோம்" என்றேன்.

பெரியவர் தலையை ஆட்டி, தாளை மடித்து மரியாதையாகத் திருப்பித் தந்தார். "அப்ப முடியட்டும்" என்றார். கணக்கப்பிள்ளை நேரம் போகிறது என்று பெயர் கூப்பிடத் தொடங்கினார். அவள் பெயர் வந்தது, எந்த மலைக்கு என்று சொன்னார். அவள் கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எட்டரை பஸ்ஸு போயிரும் சேர். வெரசா போங்க" என்றாள்.

இது நடந்து இரண்டு வருசம். பத்திரிகை இன்னும் வருகிறது, தமிழ்ப் பக்கம் இப்போது மூன்று, அதை நான்தான் பார்க்கிறேன். விசாரணை என்னவாயிற்று என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித் தொலைக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டுத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன், அவன் பெயரை ஓரிடத்திலும் போடவில்லை. அவன் அம்மா கேட்டதோ அந்தப் பெயர் சுத்தமாக வேண்டும் என்பது ஒன்றைத்தான்.